ஆர், ஈ என்று தொடங்கும் சொற்கள்

டென்மார்க்குக்கு வந்தபோது என்னிடம் இருந்த ஒரே சொத்து அலுவலக ஆங்கிலம். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் பணிமனையில், பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் படுத்துக்கிடக்கும், எந்தச் சொல்லைப் போட்டால் எழும்பி நடக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஹொல்ஸ்டெப்ரோவில் எங்களுக்குக் கிடைத்த இரண்டறை வீட்டின் சமையலறை மேசை, வந்த மூன்று மாதத்திலேயே இன்னொரு கச்சேரியாகிவிட்டது.

வந்தவர்கள் எல்லாரும் இளம் ஆண்கள். மனைவியையும் பிள்ளையையும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று இந்த நாட்டின் சட்டம் சொன்னது. அதற்கு ஒரு விண்ணப்பம், விண்ணப்பத்தோடு ஒரு கடிதம். டேனிஷில் அவர்களுக்குத் தெரிந்தது 'நன்றி'யும் 'பால்' என்ற சொல்லும் மட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் இந்த நாட்டு அதிகாரிகள் வாசிப்பார்கள் என்பதால் ஆங்கிலத்தில் எழுதினோம்.

தொடக்கத்தில் நானே எழுதிக்கொடுத்தேன். ஆள் கூடக்கூட, இது சரிவராது, இவர்கள் தாங்களே எழுதப் பழகவேண்டும் என்று ஒரு குறிப்பேட்டை, எங்கள் பேச்சில் கொப்பியை, தயாரித்தேன். அலுவலகக் கடிதங்களில் வரும் முக்கியமான சொற்களில் பாதி ஆர், ஈ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்குவதைக் கச்சேரிக் காலத்திலேயே கவனித்திருந்தேன். அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பொருளையும் பாவனையையும் எழுதினேன். ரிக்வெஸ்ட், கீழே நிற்பவர் கேட்பது. ரிக்வயர், மேலே இருப்பவர் கேட்பது. இடம் மாற்றிப் போட்டால் கடிதம் குப்பைக்கூடைக்கு. ரிஃப்யூஸ், கேட்டதைத் தர மறுப்பது. ரிஜெக்ட், கொடுத்ததைத் திருப்பி எறிவது. ரிமைண்ட், நினைவூட்டுவது, ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், கழியாமல் பாவிக்கக்கூடாது. ரிக்ரெட், வருந்துகிறோம் என்பது. 'இல்லை' என்று சொல்லும் அலுவலகம் பாவிப்பது, அங்கே எவரும் வருந்துவதாக நினைக்கவேண்டாம். ரிமெய்ன், மற்றவர்கள் போனபின் மிஞ்சி நிற்பது. ரெசைட், முகவரியோடு முறையாக வசிப்பது. ரெலட்டிவ், உறவினர்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு உதாரண வாக்கியம். நான் படித்த இலக்கணப் புத்தகங்களின் உதாரணங்களில் எல்லாரும் சுகமாக இருப்பார்கள். தகப்பன் தோட்டத்தில் நிற்பார், பிள்ளை பழம் சாப்பிடும். அந்தப் பழக்கத்தில் ரெசைட், ரெலட்டிவ் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கி எழுதினேன்: 'என் மனைவி தன் உறவினர்களோடு வசிக்கிறாள்.' சிக்கனமான வாக்கியம் என்று எனக்குள் ஒரு பெருமையும் வந்தது. அந்த மனைவி உலகத்தில் எங்கும் இல்லாதவள்.

கொப்பியை ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன் மரத்தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வந்து, கதவடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமோ என்று கேட்டுவிட்டு நிற்பான். யாழ்ப்பாணத்துக்காரன். மனைவியும் மூன்று வயது மகளும் ஊரில். எண்பத்தேழின் கடைசியில் இந்திய இராணுவம் ஊருக்குள் வந்தபோது வீட்டில் ஷெல் விழுந்துவிட்டது என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தான். அக்காவுக்கு, அதாவது எனக்கு, வீண் கரைச்சல் என்று தன் கடிதத்தைத் தானே எழுதி, எனக்குக் காட்டாமலே தபாலில் போட்டுவிட்டான். கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன். கொப்பி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

சில மாதங்களில் அவனைப் பொலிஸ் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். அங்கே இருந்த அதிகாரி தங்கமான மனிதர். குடிக்கக் கோப்பி தந்தார், மழையைப் பற்றி வருத்தப்பட்டார். பிறகு ஒரு உறையிலிருந்து ஐந்து கடிதப் பிரதிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று என்னோடு வந்தவனுடையது. மற்றவை பிராண்டே, ஹோர்சன்ஸ் என்று எங்கெங்கோ இருந்தவர்களுடையவை. என் கொப்பி நூலகத்து நகல் இயந்திரத்தில் ஏறி யூட்லாந்துத் தீபகற்பம் முழுக்கப் பயணம் செய்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஐந்திலும் மூன்றாவது வரியில் அந்த வாக்கியம் இருந்தது. கையெழுத்துகள் வேறு, மனைவி ஒன்று.

"ஐந்து பேரின் மனைவிமாரும் உறவினர்களோடு வசிக்கிறார்கள்," என்றார் அதிகாரி ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. "நல்ல விஷயம். அப்படியானால் அவசரம் ஒன்றும் இல்லைத்தானே?"

கன்னத்தில் அறை வாங்கியவள்போல இருந்தேன். மொழிபெயர்க்க வேண்டும் என்பதுகூட மறந்துவிட்டது. அவன் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

"தம்பி, உம்மட மனுசி எங்க இருக்கிறா?"

"சேர்ச்சில எண்டுதான் எழுதினவள் அக்கா. நானூறு சனத்தோட."

"அப்ப ஏன் சொந்தக்காரரோட எண்டு எழுதினீர்?"

"கொப்பியில அப்பிடித்தானே இருந்தது." அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "பிழையில்லாத இங்கிலிஸ் எண்டு பாத்து எழுதினனான். சேர்ச்சில இருக்கிறதுக்கு அதில வசனம் இல்லை."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்த்திருக்கவேண்டும். மாதிரிக் கடிதத்தில் பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றி எழுதிச் சோதனையில் தேறிய சமூகம் எங்களுடையது. நானும் அப்படித்தான் தேறினேன். மாதிரியைத் தொடுவது தப்பு என்றுதான் எங்கள் எல்லாருக்கும் படிப்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் கணவர் ஒரு முறை கடிதத்தையும் ஒரு முறை என்னையும் பார்த்தார். "கொப்பி போட்ட அம்மாவுக்கு ஹொல்ஸ்டெப்ரோ சந்தையில ஒரு சிலை வைக்கவேணும்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார். அந்த வாக்கியம் என்னுடையது, மொழிப் பயிற்சிக்காக எழுதியது, விண்ணப்பதாரர் அறியாமல் பிரதி செய்துவிட்டார், அவருடைய மனைவியும் பிள்ளையும் உண்மையில் ஒரு தேவாலய மண்டபத்தில் அகதிகளாக இருக்கிறார்கள் என்று எழுதினேன். கொப்பியின் அந்தப் பக்கத்தையும் இணைத்தேன். பொய் சொன்னவன் என்ற பெயர் அவனுக்கு வராமல், முட்டாள் என்ற பெயர் எனக்கு வரட்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதிய கடிதம் அது.

கையொப்பமிடச் சொன்னபோது அவன் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"அக்கா, இதை இப்பிடியே விடுவமே?"

"விடேலாது. அவங்கட கோவையில, அந்த ஃபைலில, ஒரு பிழை கிடந்தா அது கடைசிவரைக்கும் கிடக்கும்."

"இல்லை, இப்ப அவள் எங்க இருக்கிறாள் எண்டு எனக்கே வடிவாத் தெரியாது."

"தெரியாது எண்டு ஒரு அரசாங்கத்துக்கு எழுதேலாது தம்பி. கடைசியா வந்த கடிதத்தில எங்க எண்டு இருந்தது?"

"சேர்ச்சிலதான்."

"அப்ப அதுதான். வையும் கையெழுத்தை."

அவன் கையெழுத்து வைத்தான். பிழையைத் திருத்துவதற்கும் ஆர், ஈ என்று தொடங்கும் சொல் ஒன்று உண்டு. ரெக்டிஃபை. அதையும் கொப்பியில் சேர்த்தேன். இம்முறை உதாரணம் எழுதவில்லை.

பதில் வரவில்லை. ஆறு கிழமை பொறுத்து நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இன்னொன்று. பிறகு பணிவான இன்னொன்று. ஒருவர் கொப்பன்ஹேகனில் ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கலாம் என்றார், இன்னொருவர் பத்திரிகைக்குச் சொல்லலாம் என்றார். நான் மறித்தேன். மேசையைத் தாண்டிப் போனால் மேசை கோபிக்கும் என்பது கச்சேரியில் நான் கற்ற பாடம். வருடம் ஒன்று போய் மேலும் மாதங்கள் போயின. ஊரில் இந்திய இராணுவம், இங்கே பனி. இங்கிருந்த எங்கள் ஊர்ப் பெடியள் எனக்கு 'உறவினர் அக்கா' என்று பட்டம் வைத்திருந்தார்கள். கோபிக்க எனக்கு வாயில்லை. ஒரு பெண்ணையும் குழந்தையையும் என் ஒற்றை வாக்கியம் அங்கே கட்டிப்போட்டுவிட்டது என்று நான் முழுதாக நம்பினேன். அவன் ஒரு நாள்கூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் வந்து, "ஏதும் வந்ததோ அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

பிறகுதான் ஒரு செய்தி பத்திரிகைகளில் வந்தது. அதற்குள் எனக்கு டேனிஷ் வாசிக்க வந்திருந்தது. நூலகத்தில் அகராதியோடு உட்கார்ந்து மூன்று முறை வாசித்தேன். தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களைத் தொடாமல் ஒதுக்கிவைக்கும்படி மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்களாம். பொலிஸ் விசாரணைகளும் நாளைக் கடத்தத்தானாம். சட்டம் மாறவில்லை, சட்டத்தை நடைமுறைப்படுத்துவதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள்.

சோம்பலால் தூங்கிய கோவைகளைக் கண்டிருக்கிறேன். கைலஞ்சத்துக்குக் காத்திருந்த கோவைகளையும், எலி தின்ற கோவைகளையும் கண்டிருக்கிறேன். ஒரு அரசாங்கம் தன் சொந்தச் சட்டத்தை ஒழுங்காக, வரிசையாக, சத்தமில்லாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டும் என்று பதினொரு வருடக் கச்சேரி எனக்குச் சொல்லித்தரவில்லை. இந்த நாட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆளில்லாத வீதியிலும் மனிதர் நின்றுதான் கடப்பார்கள். அவர்களிடம் இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எழும்பி நேரே அவனுடைய அறைக்குப் போனேன்.

"உம்மட கடிதத்தால இல்லையாம் தம்பி. ஒருத்தற்றையும் பாக்கவே இல்லையாம்."

அவன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப அந்தக் கடிதத்தை ஒருத்தரும் வாசிச்சு முடிவெடுக்கேல்லையோ?"

"இல்லை."

"முதல் எழுதினதையுமோ? சொந்தக்காரர் எண்டதையுமோ?"

"ஒண்டையும் இல்லை."

கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பாரம் இறங்கியதில் அழுகிறான் என்று நினைத்து, நான் முதுகில் தட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கோவைகள் அசைந்தன. அவனுக்கும் அனுமதி வந்தது, காரணம் எதுவும் சொல்லாத ஒரு பக்கக் கடிதமாக. மனைவியும் மகளும் ரயிலில் வந்து இறங்கினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். மகள் தகப்பனோடு ஒட்டாமல் தாயின் வலது பக்கமாகவே நின்றாள்.

"அந்தச் சேர்ச்சில பிள்ளையோட கனகாலம் கஷ்டப்பட்டிருப்பீர்," என்றேன்.

"சேர்ச்சிலயோ? அங்க ரெண்டு மாசம்தான் அக்கா. அது நல்ல இடம். சாப்பாடு குடுத்தவை, டொக்டரும் வாறவர்." அவள் சோற்றில் குழம்பை ஊற்றியபடியே சொன்னாள். "பிறகு இவர் எழுதினவரெல்லே, 'சொந்தக்காரரோட எண்டு அரசாங்கத்துக்குக் குடுத்திருக்கு, விசாரிக்க வந்தா பொய்யாப் போயிடும், உடன அங்க போய் இரு' எண்டு. கிளிநொச்சியில பெரியப்பா வீட்டை போனன்."

அவன் தலை நிமிரவில்லை. திருத்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கத் தயங்கியது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கியது. அதற்கு முன்பே அவளுக்கு எழுதிவிட்டிருந்தான், ஆனால் ஊருக்குப் போகும் தபால் எப்போது சேரும், பதில் எப்போது வரும் என்று தெரியாத காலம் அது. அவள் வெளிக்கிட்டாளா இல்லையா என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் திருத்தியது அதற்குள் இன்னொரு பொய்யாகியிருந்தது.

"எப்பிடிப் போனீர்?"

"நடையும் ட்ரக்டரும். ஆனையிறவு செக்பொயின்ரில ஆமிக்காரங்கள் ஒரு பகல் முழுக்க வெயிலில இருத்திப்போட்டாங்கள். பெரியப்பா வீட்டில அவையளே பதினாலு பேர். மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கித் தந்தவை. மழைக்கு இவளுக்குக் காய்ச்சல் வந்து காதால சீழ் வடிஞ்சது. டொக்டர் இல்லை. வலது காது இப்ப கேக்காது." மகளின் தலையை ஒரு தரம் தடவினாள். "என்ன செய்யிறது. ஆனா எழுதினதை மெய்யாக்கிப்போட்டன். அங்க ஒருத்தரும் வந்து விசாரிக்கேல்லை. இஞ்ச கடிதத்தைப் பாத்தே நம்பினவங்களாக்கும், என்னக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஓம்," என்றேன். "நம்பினவங்கள்."

அரசாங்கத்துக்கு எழுதியது தவறாகிவிட்டதே என்று ஒன்றரை வருடம் வெந்தவள், ஒரு தாயின் முகத்தைப் பார்த்து அரை நொடியில் பொய் சொன்னேன்.

மூன்று வருடம் கழித்து, தொண்ணூற்று மூன்று தொடக்கத்தில், அந்த விவகாரம் அரசாங்கத்தையே விழுத்தியது. 'தமிழர் வழக்கு' என்று தொலைக்காட்சியில் நாள் முழுக்கப் பேசினார்கள். அவனுடைய மனைவி அப்போது முதியோர் இல்லமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். டேனிஷ் என்னைவிட நன்றாகக் கதைப்பாள். செய்தி வந்த இரண்டாம் நாள் வேலை உடுப்போடே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சைக்கிளை விட்டுக் கை எடுக்கவில்லை.

"ஒருத்தரும் வாசிக்கேல்லை எண்டது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ அக்கா?"

"தெரியும்."

"இவருக்கும்?"

"ஓம்."

"அப்ப என்ர பிள்ளையின்ர காது?"

உள்ளே வந்து இரும் என்றேன். அவள் வரவில்லை. பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் வீதியில் கண்டால் தலையசைப்பாள். என் வீட்டுப் படி ஏறவில்லை. பின்னர் நான் நகரசபையில் இருபது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். எந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவு பதில் சொல்லவேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அவள் கேட்டதற்கு மட்டும் ஒரு மேசையும் அகப்படவில்லை.