இருபத்து மூன்றாம் பொந்து

என் வீட்டுக்காரருக்குக் கடற்கரை ஊர்கள் அத்தனையும் மனப்பாடம். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. தபால் பிரிக்கும் வேலையில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறார். சுவரை அடைத்து ஒரு மர அலமாரி, அதில் ஊருக்கு ஒரு கட்டம். அவர்கள் பாஷையில் அதற்குப் பொந்து என்று பெயர். கடற்கரை வரிசைக்கு மட்டும் முப்பத்தொரு பொந்து.

"ஒன்பதுல வம்பு ஜாஸ்தி," என்பார் சாப்பிட்டுக்கொண்டே. "எப்பப் பாரு வக்கீல் நோட்டீஸ். பதினாலுக்குப் பூரா கல்யாணப் பத்திரிகைதான். அந்த ஊர்ல கல்யாணம் ஆகாதவன் ஒருத்தன்கூட மிஞ்சியிருக்க மாட்டான்."

கவரின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து இத்தனை கதை. அதெல்லாம் சரிதானா என்று பார்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் என்று ஒருநாள் கிளம்பிவிட்டார். ஒன்றாம் பொந்திலிருந்து முப்பத்தொன்று வரை கடலை ஒட்டியே பைக்கில் போக வேண்டுமாம். பின்சீட்டில் நானாம். என் முதுகு என்னத்துக்கு ஆகும் என்று கேட்க வாயெடுத்தவள், அதை விட்டுவிட்டு, "இருபத்து மூணும் வருமா?" என்று கேட்டேன். வரும் என்றார். அதற்கு மேல் நான் மறுத்துப் பேசவில்லை.

இருபத்து மூன்றில்தான் என் அண்ணன் மீன்பிடிப் படகு வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அம்மா இறந்தபோது சொல்லி அனுப்பியும் வரவில்லை. அந்த ஆத்திரத்தில் அவனுக்கு நாலு வரி எழுதினேன். அம்மாவோடு நீயும் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறேன், இனி என் வாசப்படி மிதிக்காதே. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் அது எங்கோ போய்விட்டது. அதை அந்தப் பொந்தில் போட்டதே இவர் கைதான்.

பதில் வரவில்லை. இவரிடம் கேட்டேன்.

"ஆள் இல்லன்னா திரும்பி வந்துடும். வரலன்னா கைக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம்," என்று சட்டம் பேசினார்.

ஆக, அண்ணன் படித்துவிட்டான், நான் சொன்னபடியே செய்கிறான். பதினொரு வருடமாக என் வாசப்படி மிதிக்கவில்லை. நான் ஒரு பிடிவாதக்காரி, அவன் எனக்கு மேல். நேரில் போய் நின்று, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் எனக்கு. இதற்காகத் தனியாகக் கிளம்ப வீம்பு விடவில்லை. பைக் பயணம் என்றால் போகிற வழியில் எட்டிப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

நான் கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள். மூன்று மாதம் கழித்துப் பத்து நாள் லீவு தருவதாகச் சொன்னார்கள். இவர் பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, கூடத்துத் தரை முழுக்க விரித்து, ஊர்களை வரிசையாக எழுதிக் கோடு போட்டார். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. வீடு பெருக்கக்கூட விடவில்லை. நடுநடுவே சந்தேகம் வேறு. "ஏம்மா, ஆறாம் பொந்துக்கு மட்டும் இவ்ளோ மூக்குக்கண்ணாடி பார்சல் போகுதே, உங்க ஆஸ்பத்திரியில யாராவது சொன்னாங்களா?" எனக்கு எப்படித் தெரியும். ஆனால் மறுநாள் விசாரித்து வந்தேன். அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

பைக்கைச் சரிபார்க்கக் கொடுத்தபோது மெக்கானிக்கிடமும் அந்தத் தாளை விரித்துக் காட்டியிருக்கிறார். மெக்கானிக் அந்தப் பக்கத்து ஆள்.

"சார், இருபத்திரண்டுலேர்ந்து இருபத்து மூணுக்கு அரை மணி நேரம்னு போட்டிருக்கீங்க. நடுவுல ஆறு வந்து கடல்ல சேருது. பாலம் கிடையாது. சுத்திப் போனா ஒரு பகல் போயிடும்."

"ரெண்டு பொந்தும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு," என்றாராம் இவர்.

அலமாரியில் ஊர்களை வைத்திருந்தது தபால் பை போகும் வரிசையில். ரோடு போகும் வரிசையில் இல்லை. இருபத்தெட்டு வருடமாக ஆற்றையும் மலையையும் விழுங்கிவிட்டு அலமாரி சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறது. வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். அந்த ஒரு ஊர் மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், போக ஒரு பகல், திரும்ப ஒரு பகல் என்று பன்னிரண்டு நாள் வந்தது. இருபத்து மூன்றை விட்டால் மட்டும் பத்து.

"அதை விட்டா நான் வரல," என்றேன்.

மனிதர் ஒரு தாளை எடுத்து, அந்த ஊர்த் தபால்காரருக்கே எழுதினார். ஆற்றைக் கடக்க பைக் ஏற்றும் படகு உண்டா? கூடவே, இத்தனை நாள் குடைந்த இன்னொரு கேள்வி. உங்கள் ஊரிலிருந்து மட்டும் 'ஆள் இல்லை' என்று ஒரு தபால்கூடத் திரும்பி வந்ததில்லையே, அது எப்படி? கடைசியில் என்னைக் கேட்காமலே என் அண்ணன் பேரையும் எழுதி, சௌக்கியமா என்று விசாரித்திருக்கிறார்.

பன்னிரண்டாம் நாள் அவர் அலமாரிக்கே பதில் வந்தது. பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான்தான் வாய்விட்டுப் படித்தேன்.

'படகு இருக்கிறது. பைக்கை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். தபால் விஷயம், நீங்கள் மேலே சொல்லிவிடாதீர்கள். இங்கே எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். ஆள் இல்லை என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. என்றாவது வருவார்கள் என்று பெட்டியில் எடுத்து வைக்கிறேன். நீங்கள் கேட்டவருக்கும் ஒரு கவர் இருக்கிறது. அது வருவதற்கு முன்பே அவர் வேறு துறைமுகம் போய்விட்டார். போன வருடம் வந்தபோது நான் லீவு. அடுத்த மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். இந்தத் தடவை விடமாட்டேன், கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது.'

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் சொன்னது தப்பும்மா. கைக்குப் போகவே இல்ல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணன் அதைப் படிக்கவே இல்லை. நான் தொலைந்துபோ என்று சொன்னது அவனுக்குத் தெரியவே தெரியாது.

"ஒரு கார்டு போடறேன், திருப்பி அனுப்பிடுவார்," என்றார்.

"அந்த மனுஷனுக்குத்தான் திருப்பி அனுப்பற பழக்கமே இல்லையே."

நான் தரையில் இருந்த தாள்களைச் சுருட்டினேன். ஒன்பதாம் பொந்தின் வக்கீல்கள், பதினாலின் மாப்பிள்ளைகள் எல்லாரும் காத்திருக்கட்டும். லீவை அடுத்த மாதத்துக்கே மாற்றிக் கேட்பேன், தராவிட்டாலும் போவேன். அண்ணன் வருவதற்குள் போய் அந்தக் கவரை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே ஊரில் உட்கார்ந்திருப்பேன்.

"பைக் எப்பக் கிடைக்கும்னு மெக்கானிக்கைக் கேளுங்க," என்றேன்.