என் நோட்டுக்குத் தெரியாதது

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது.

அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு விழுப்புரத்தில் தொண்டைப் புற்றுக்கு எனக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பீடி, வெற்றிலை எதையும் தொடாதவன் நான். ஒரு வைரஸால் வந்தது என்றார் டாக்டர். புற்று எங்காவது மிச்சமிருந்தால் அந்த வைரஸின் துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுங்கள், வெளியூர் ஆய்வகத்தில் தேடிப் பார்ப்பார்கள் என்றார். ஐந்து முறை கொடுத்தேன். ஐந்து முறையும் 'இல்லை' என்றே வந்தது.

எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி கிடையாது. ஒரு இட்லியை எத்தனை முறை விழுங்கி முடிக்கிறேன் என்று தினமும் நோட்டில் எழுதுவேன். அறுவை சிகிச்சை முடிந்த மாதம் முப்பத்தொன்று, ஐப்பசியில் பதினொன்று. எடை நான்கு கிலோ கூடியிருந்தது. காலையில் பத்து விரலாலும் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். ஒரு கட்டியும் தட்டுப்படாது. பிறகு எதற்கு ஆறாவது பரிசோதனை? விழுப்புரத்தில் ரத்தம் எடுக்கும் பெண்ணுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த வார விடுமுறையில் அவரே நனைந்த குடையோடு எங்கள் வாசலில் நின்றார். டாக்டரிடம் சொல்லிவிட்டு, குழாய்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் நோட்டை நீட்டினேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

"இட்லிய எண்ணிக்கினே ஆற உட்டுடுவாரும்மா. ஒரே பேஜாரு இவரோட," என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் சிரித்தார். "எண்ணட்டும்மா, நல்லதுதான். ஆனா சார், நீங்க வெளிய இருந்து எண்ணிக்கினு இருக்கீங்க. உள்ள என்னா இருக்குதுன்னு ரத்தத்தத்தான் கேக்கணும். கைய நீட்டுங்க, ஜல்தியா முடிச்சிட்டு மூணு மணி பஸ்ஸப் புடிக்கிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே நீட்டினேன். இரண்டு குழாய்.

பத்தொன்பதாம் நாள் முடிவு வந்தது. துணுக்குகள் இருந்தன. குழாய் மாறியிருக்கும் என்று சண்டை போட்டேன். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் இருந்தது. ஸ்கேனில், இடது தாடைக்குக் கீழே ஆழத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைப் பருப்பு அளவில் ஒரு நெறிக்கட்டி தெரிந்தது. அன்று காலையும் அதே இடத்தைத் தடவிப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த வரியை அடித்தேன்.

பரவுவதற்குள் அறுத்து எடுத்தார்கள், கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அதற்குப் பின் எடுத்த இரண்டு பரிசோதனையிலும் 'இல்லை'.

வலி இல்லை, காய்ச்சல் இல்லை. விழுங்கும் கணக்கில்கூட ஒன்று கூடவில்லை. ஆனாலும் என் ரத்தத்துக்குத் தெரிந்திருக்கிறது. விழுப்புரம் போகும் பஸ்ஸில் சில நேரம் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணத் தொடங்குவேன். உள்ளே ஓடுவது என்னவெல்லாம் அறிந்திருக்கிறது என்ற வியப்பில், எத்தனை என்பதே மறந்துபோகும்.

இட்லி விழுங்குவதை இன்றும் எண்ணுகிறேன், பழக்கம் விடவில்லை. ஆனால் 'கழுத்தில் ஒன்றும் இல்லை' என்று நானே எழுதும் துணிச்சல் போய்விட்டது. அந்த வரியை வெறுமையாக விட்டுவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் சொல்வதைக் கேட்டே நிரப்புகிறேன்.