அருட்பிரகாசம் பாஸ் பண்ணிய பரீட்சை

அருட்பிரகாசத்துக்குக் காது கேட்காது என்பது ஜெர்மனியில், நொய்கெல்னில் அவர் குடியிருக்கும் மாடிக்கட்டடம் முழுக்கத் தெரியும், அவரைத் தவிர. "எனக்கு நல்லாக் கேக்கும். நீங்கள்தான் வாய்க்குள்ள கதைக்கிறியள்" என்பார்.

மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். இருபத்தாறு வருசம் சோடாப் போத்தல் நிரப்பும் தொழிற்சாலையில் வேலை. போத்தல்கள் இடிபட்டு ஓடும் அந்தச் சத்தம், அப்பப்பா! காதுக்குள் வைக்கும் அடைப்பான்கள் வாசலிலேயே பெட்டி பெட்டியாக இருந்தன. கூட வேலை செய்த ஜெர்மன்காரர் வைத்துக்கொண்டார்கள். இவர் வைக்கவில்லை. மேற்பார்வையாளர் கூப்பிட்டு இவர் திரும்பாமல் நின்றால்? வேலை போனால் விசாவும் போய்விடுமே! ஜெர்மன் பாஸ்போட் கைக்கு வந்த பிறகும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை, பாவம் மனுசன்.

கேட்காததற்கெல்லாம் ஒரு வழி வைத்திருந்தார். சிரித்துத் தலையாட்டி, "ஓம் ஓம், நல்லது" என்றுவிடுவார்.

கலியாணம் முடித்துத் தனிவீட்டில் இருக்கும் மகள் கவிசா மாசி மாதம் ஒருநாள் தனியாக வந்தாள். தாய் பிளோறன்ஸ் வேலைக்குப் போயிருந்தாள். குசினி மேசையில் தலைகுனிந்தபடி, வயிற்றில் இருந்த மூன்று மாதப் பிள்ளை கலைந்துபோனதைத் தகப்பனிடம் மெல்லச் சொன்னாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். "ஓம் ஓம், நல்லது பிள்ளை." எழும்பிப் போனவள்தான், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

விசயம் அறிந்த பிளோறன்ஸ் அவர் காதருகே வந்து கத்திச் சொல்லி அழுதாள். அருட்பிரகாசத்துக்கு உயிரே போய்விட்டது. அடுத்த கிழமையே காது டொக்டரிடம் டெர்மின் எடுத்து, குறித்துக் கொடுத்த நேரத்துக்கு இருவரும் போனார்கள்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். கண்ணாடிக்கு அப்பால் தாதியின் விரல் அசைவது தெரிந்தது. அது அசைய அசைய இவர் அழுத்தினார். காது நன்றாக இருக்கிறது, கருவி தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். "பாஸ்!" என்றபடி வெளியே வந்தார்.

விரலைப் பார்த்து அழுத்தியதை அவர் வாயாலேயே கேட்டதும் பிளோறன்ஸ் வெடித்தாள். "ஐயோ, உங்களுக்கென்ன விசரே! இதென்ன விசா இன்ரவியூவே?" தெருவுக்கே கேட்டது, அவருக்கும் கேட்டது. பஸ் தரிப்பிடத்தில் நின்று விம்மி விம்மி அழுதார்.

"பெயில் எண்டால் அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம். கை தானா அமத்திப்போட்டுது."

மறுநாள் தனியாகப் போனார். தனக்குத் தெரிந்த ஜெர்மனில் தாதியிடம் உண்மையைச் சொல்லி, கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் விரல் பொத்தானின்மேல் சும்மா கிடந்தது.

சித்திரையில் இரண்டு காதுக்கும் கருவி கிடைத்தது. அன்றைக்கே மகள் வீட்டுக்குப் போய் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"பிள்ளை, அண்டைக்குச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லு. மெல்லச் சொன்னாலே காணும்."

கவிசா அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்பா, பிள்ளை தங்கேல்லை."

இந்த முறை அவர் தலையாட்டவில்லை.