மூன்று குச்சியும் ஒட்டுப்பாலும்

என்னைப் போலச் சாமர்த்தியக்காரி எங்கள் ரப்பர் தோட்டத்திலேயே கிடையாது என்று எனக்கு ரொம்ப நாள் நினைப்பு. எண்பதுகளின் நடுவில், பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் இடைநிலைப்பள்ளிக்குப் போய்ச் சாரணியர் படையில் சேர்ந்தபோது பிடித்த நினைப்பு அது.

சேர்ந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, பெயர் கொடுத்திருந்தேன். நீலக் கழுத்துத்துண்டு கட்ட வேண்டுமானால் மூன்றே தீக்குச்சியில் அடுப்பு மூட்டி, ஒரு குவளைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்ட வேண்டும். காகிதம் கூடாது, மண்ணெண்ணெய் கூடாது. தேறியவர்களுக்குக் கோல சிலாங்கூரில் மூன்று நாள் முகாம். கூடாரத்தில் படுப்பதைக் கனவு கண்டு கண்டு எனக்குப் படிப்பே ஓடவில்லை.

அம்மாவுக்குப் பால்மரம் வெட்டும் வேலை, பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. சனிக்கிழமைகளில் நானும் கூடப் போய், பால் வடியும் மங்குகளைத் துடைத்துக் கொடுப்பேன். சாரணியர் பயிற்சியும் அதே சனிக்கிழமைதான். அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “தேறுனா போ. தேறலயா, துண்டு கிண்டுன்னு பேச்செடுக்கக் கூடாது. பேசாம எங்கூட காட்டுக்கு வந்துரணும்.” அப்பா வழக்கம்போல அதற்கும் தலையாட்டினார்.

எங்கள் லயத்தில் அடுப்பு மூட்ட எல்லா வீட்டிலும் ஒட்டுப்பால்தான். மரத்தின் வெட்டில் வழிந்து காய்ந்த பாலை நாடாவாக உரித்தெடுப்பார்கள். ஒரு துண்டு போதும், ஈர விறகும் பற்றிக்கொள்ளும். ஆனால் அது தோட்டத்துச் சொத்து, ஸ்டோரில் கொடுத்துவிட வேண்டும். எல்லாரும் எரிப்பார்கள், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அம்மா மட்டும் அதை வீட்டுக்குள் விடமாட்டாள். “வேல வாங்குற மண்டோர் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி ஒரு வார்த்த கேட்டா யாரு பதில் சொல்றது?” என்பாள். அதனால் எங்கள் வீட்டில் தென்னம்பாளையும் கண்ணெரிச்சலும்தான்.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “எத்தன குச்சின்னு சொன்ன?” என்றாள். மூன்று என்றேன். “நல்லா பத்தும் போ,” என்று உள்ளே போய்விட்டாள். இந்த நேரத்தில் கிண்டலா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விடிந்து, அம்மா வேலைக்குப் போனபின் தேநீர் கலக்க அடுப்படிக்குப் போனேன். தீப்பெட்டிக்குப் பக்கத்தில் நன்றாகக் காய்ந்த ஒட்டுப்பால், நாலு நாடா. தூக்கிவாரிப்போட்டது. அடி ஆத்தி, அம்மாவுமா! ஒளித்து வைக்க மறந்துவிட்டாள் போலும் என்று அத்தனையையும் சுருட்டிப் பாவாடைப் பையில் செருகிக்கொண்டேன்.

பள்ளித் திடலில் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. டவுன் பிள்ளைகள் ஊதி ஊதி ஓய்ந்துபோனார்கள். எனக்கு இரண்டாவது குச்சியிலேயே குப்பென்று பிடித்தது. பிடித்ததோடு விட்டதா? கரும்புகை கிளம்பி, டயர் எரிகிற நாற்றம் திடல் முழுக்கப் பரவியது. சாரணியருக்குப் பொறுப்பான மலாய் ஆசிரியை ஓடி வந்தார். ரப்பரா, எங்கே எடுத்தாய் என்று கேட்டார். துண்டு போனால் போகட்டும், அம்மாவைத் திருடி என்பார்களே! ரோட்டில் கிடந்தது டீச்சர் என்று துணிந்து புளுகினேன்.

அவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. காகிதமும் மண்ணெண்ணெயும்தானே கூடாது, ரப்பரைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லையே என்று சிரித்துக்கொண்டே என் பெயருக்கு நேரே சரி போட்டார். அப்பாடா! உயிர் திரும்பி வந்தது. அழுதேவிட்டேன், புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டில் அம்மா என் சட்டையை முகர்ந்து பார்த்தாள். எங்கே, என்ன என்று ஒரு கேள்வி இல்லை.

“தேறிட்டியா?”

தலையாட்டினேன்.

“அப்பறம் என்னா? அதக் கழட்டி ஊறப் போடுலா, நாறுது.”

அடுத்த சனிக்கிழமையிலிருந்து மங்குகளை அவளே துடைத்துக்கொண்டாள்.

அம்மாவின் திருட்டை ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் வருஷக்கணக்காக மிதந்தேன். அந்த நாலு நாடாவுக்கு முன்னும் சரி, பின்னும் சரி, எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் ஒட்டுப்பாலை நான் பார்த்ததே இல்லை. அது மட்டும் அந்தச் சாமர்த்தியக்காரிக்கு உறைக்கவே இல்லை.