மகளுக்குக் கொடுத்த கிணற்றுத் தண்ணீர்

போன வருடம் ஒரு பயணத்தில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் என் மகளுக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எங்கே போனாலும் கையில் ஐந்து லிட்டர் கேன். கல்லூரித் தோழி செல்வி பலமுறை கூப்பிட்டும் அதனால்தான் தள்ளிப் போட்டேன். ஒருவழியாகப் போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். (மகள் தூங்கினால்தான் எழுத முடிகிறது, தாமதத்துக்கு மன்னிக்கவும்.)

தேனியில் காலை 6.40க்குக் கம்பம் பஸ். அனுமந்தன்பட்டியில் இறங்கும்போது 7.50. டிக்கெட் முப்பது ரூபாய், மகளுக்கு இல்லை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, எண்பது ரூபாய். வழிநெடுகத் திராட்சைப் பந்தல். பந்தலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து வாடை மூக்கில் ஏறியதும் கேனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதெல்லாம் கிணற்றில்தானே இறங்கும்?

செல்வி கிணற்றடியில் இருந்தாள். ஊருக்குக் குடிதண்ணீர் அந்த ஒரு கிணறுதான். வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். சுற்றிலும் நூறடி தள்ளி வெள்ளைக் கல் நட்டிருக்கிறது. அதற்குள் செருப்பு, சோப்பு, மருந்து டேங்க் எதுவும் வரக்கூடாது. காலை எட்டு மணிக்கு முறை மாறும். அன்று பொறுப்பேற்கும் வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் முதல் டம்ளர் தண்ணீரைக் குடித்த பிறகே கிணற்று மூடியின் சாவி கைமாறும். நான் போனபோது செல்வி குடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு அவள் கொழுந்தன் பாண்டி முதுகில் மருந்து டேங்கோடு வந்தார். தனிக்குடித்தனம், தோட்டம் பக்கத்திலேயே. கரண்ட் இல்லை, தோட்டத்து மோட்டார் ஓடவில்லை; மருந்து கலக்கத் தண்ணீர் வேண்டும். இரவு மழை பெய்திருந்ததால் அன்றே அடிக்காவிட்டால் பிஞ்செல்லாம் கொட்டிவிடுமாம்.

"ஒரு டேங்க் மட்டும் மதினி. யாரு பாக்கா?"

"இந்தா, விருந்தாளி பாக்குறாகள்ல. டேங்க கல்லுக்கு அங்கன வச்சுட்டு வாங்க. கொடம் தாரேன்."

"நூறடி சொமந்தா தோளு எறங்கிரும்."

"நாளைக்கு உங்க வீட்டு முறை கொழுந்தனாரே. மொத டம்ளர் நீங்கதான குடிக்கணும்?"

பாண்டி கிணற்றைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார். திரும்பி நடந்தார். இரண்டு முறை குடம் சுமந்தார். போகும்போது, தன் அண்ணன் கேரளாவில் பெண் எடுத்திருக்கலாம் என்று என்னிடம் முறையிட்டார். செல்வி சிரித்தாளே தவிர, கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மதியம் கேன் தீர்ந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரையே கொதிக்கவைத்து ஆற்றி மகளுக்குக் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தாள். வீடு திரும்பியும் இரண்டு நாள் டயப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

குழந்தையோடு இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸில் கூட்டம் குறைவு. பேரம் பேசினால் ஆட்டோ எழுபதுக்கு வரும். போகிற ஊரில் தண்ணீர் நல்லதா என்று கேட்காதீர்கள். எல்லாரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலாக ஒரு ஆளின் பெயர் வந்தால் நம்பி வாங்கலாம். கொதிக்கவைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.