ரோச் மேஸ்திரியின் பின்னோக்குப் படகு

ரோச் மேஸ்திரியைப் போல வாய் கெட்ட மனுஷனைத் தூத்துக்குடியில் நான் கண்டதில்லை. படகு இன்ஜினில் அவன் கெட்டிக்காரன்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு போல்ட் லூசாக இருக்கிறது என்று சொன்ன பாவத்துக்கு, பட்டறையில் எங்களோடு வேலை பார்த்த பிச்சையாவின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். அன்றோடு பட்டறையில் எல்லோரும் வாயைப் பூட்டிக்கொண்டோம். அவன் மனைவி ஹில்டா, சோறு வெந்ததைக்கூடச் சட்டியில் அகப்பையால் தட்டித்தான் தெரிவிப்பாள். வெல்டிங் வேலை பார்த்த என்னை, ஆறு வயது மூத்தவன் என்றும் பாராமல், 'ஏலே சுந்தரராஜ்' என்பான்.

எழுபத்துநாலில் அவன் சொந்தமாக ஒரு புரொப்பெல்லர் வார்த்தான். பாதி டீசலில் படகு ஓடுமாம். மூன்று வருஷப் பாடு. மீன்துறை இன்ஜினியர் ஒரே ஒரு நாள் பார்க்க வருவார், அவர் சரி என்றால் கடற்கரைப் படகுகள் எல்லாவற்றுக்கும் அதுதான். மாட்டும்போதே நான் கவனித்துவிட்டேன், இறக்கைகள் எதிர்ப்பக்கம் முறுக்கியிருந்தன. பிச்சையாவும் கவனித்தான். எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

மாதா கோயில் சாமியார் படகின் முன்மூக்கில் மாலை போட்டு, தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். இன்ஜினியரோடு நாங்களும் ஏறினோம். ரோச் கியரை முன்னே தள்ளினான். படகு பின்னால் போனது.

ரோச் அசரவில்லை. மாலையைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் மாட்டினான்.

"இதான் சார் புது மாடலு. எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்கலே."

திரும்பி உட்கார்ந்தோம். இன்ஜினியரும் பயந்துபோய்த் திரும்பினார். கியரை ரிவர்ஸில் போட்டால் படகு நேராகப் போய்விடும், அந்தப் படபடப்பில் அவனுக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உப்பு ஏற்றி நின்ற ஒரு தோணியில் இடித்துத்தான் படகு நின்றது. இன்ஜினியர் அந்தத் தோணியில் தொற்றி ஏறி, வேண்டாம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு சொன்னேன், கொஞ்சம் சந்தோஷமாகவே. "ரிவர்ஸ்ல போட்டிருந்தா நேரா போயிருக்கும் மேஸ்திரி. றெக்கை மாறிக் கெடக்கு."

"எப்பம்லே பாத்த?"

"மாட்டும்போதே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா திட்டுவீரு."

வசவுக்குக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்குக் கேவலமாகப் போய்விட்டது. இடித்தபோது தண்ணீர் தெறித்து நனைந்திருந்த தலையைத் துவட்டிக்கொண்டு அவன் மெதுவாகச் சொன்னான்:

"திட்டத்தாம்ல செஞ்சிருப்பேன். திட்டிட்டு, மாத்தியிருப்பேம்லா."