பிரபுவின் மேலங்கி

1999 நவம்பர் 11, வியாழன். வழக்கம்போல் ஆறரைக்கு எழும்பித் தேநீர் வைத்தேன். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறி, ஒன்பது மணிக்கு என் முதலாளியான ஆங்கிலப் பிரபுவின் அலுவலக அறையைத் திறந்து கடிதங்களைப் பிரித்து அடுக்கினேன். மாலையில் அவர் தன் கறுப்பு மேலங்கியைக் கையில் தொங்கவிட்டபடி வந்து நின்றார். அவருடைய செயலாளராக இருந்த அத்தனை வருடங்களிலும் நான் அப்படிக் கண்டதில்லை. அந்த அங்கிக்குரிய இடம் பாராளுமன்றத்தில் பிரபுக்கள் சபையின் வாசல். அங்கே அவருடைய பெயர் எழுதிய கொளுக்கி ஒன்று இருந்தது. அவருடைய தகப்பனும் பாட்டனும் தங்கள் அங்கிகளை மாட்டியதும் அதே வாசலில்தான்.

பரம்பரையாய் வந்த ஆசனம் என்று அவர் ஒருநாளும் பெருமை பேசியதில்லை. "அதற்காக நான் செய்த ஒரே வேலை, பிறந்ததுதான்" என்பார். ஆனால் எண்பதுகளில் தஞ்சம் கேட்டு வந்த எங்கள் பிள்ளைகளை அரசாங்கம் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, பாதி காலியாய்க் கிடந்த சபையில் எழுந்து அமைச்சரைக் கேள்வி கேட்டவர் அவர். 'யாழ்ப்பாணம்' என்று பிழையில்லாமல் சொல்வதற்கு முதல் நாள் முழுக்க என்னிடம் பழகினார்.

அந்த வருடம் சட்டம் மாறியது. பரம்பரைப் பிரபுக்கள் தங்களுக்குள் வாக்களித்துச் சிலரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அந்த வியாழனோடு வெளியேற வேண்டும். அவர் ஒருவரிடமும் வாக்குக் கேட்கவில்லை. வாக்குச்சீட்டில் தன் பெயருக்கு நேரே அடையாளமும் இடவில்லை. "ஒருவன் தன்னைத்தானே சிபாரிசு செய்வது அழகா?" என்றார். தோற்றுப்போனார்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "எங்கட ஆக்கள் எண்டால், செத்த பாட்டன்ர வாக்கையும் சேர்த்துத் தங்களுக்கே போட்டிருப்பினம்!" பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்ப அந்த குட்மேய்ஸில இருக்கிற அம்மான்ர மகன்ர அலுவல் என்னப்பா?" என்று கேட்டார். மகன் தடுப்பு முகாமில் இருந்தார். எந்த நாளும் விமானத்தில் ஏற்றிவிடலாம் என்ற நிலை. பிரபுவைக் காண அந்த அம்மா வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

அந்த வியாழன் மாலை, அங்கியோடு வந்து நின்ற பிரபுவும் அதைத்தான் கேட்டார். "நான் இனி ஒன்றுமில்லாதவன் என்று அவரிடம் சொல்லிவிட்டீர்களா?"

சொல்லியிருந்தேன். தொலைபேசியில் அந்த அம்மா தந்த பதிலை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஐயா இருப்பார்தானே பிள்ளை? அப்ப நான் வாறன்."

பிரபு அங்கியைக் கதிரையின் முதுகில் போட்டார். அது வழுக்கி விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாதாரண மனிதராக அவர் எழுதிய கடிதங்களுக்குப் பிறகு, தை மாதத்தில் அந்த மகன் வெளியே வந்தார். பிரபு இன்று இல்லை. அறையும் கைமாறிவிட்டது. அங்கிருந்து நான் கழற்றி வந்த ஒரே பொருள், இப்போது என் சமையலறைக் கதவில் இருக்கும் பித்தளைக் கொளுக்கி.

அதை வாங்கியது அந்த வியாழன் மாலை, வீடு திரும்பும் வழியில். மறுநாள் காலை, கடிதங்களைத் தொடுவதற்கு முன், கணவரின் திருப்புளியால் அதை அலுவலக அறைக்கதவின் பின்புறம், பிரபுவின் தோளுயரத்துக்குப் பூட்டினேன். பெயர் எழுதவில்லை.